அஞ்சாம் மாச ஸ்கேனும் ஒரு குட்டி மூளையும்

ராயப்பேட்டை ஹைரோட்டில் லஸ் பக்கமாக நடந்து போனால் ஸ்கேன் சென்டர் போர்டுகளுக்குப் பஞ்சமே இல்லை. எந்த சென்டருக்குள் நுழைந்தாலும் முதலில் கண்ணில் படுவது, கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே சொல்ல மாட்டோம் என்கிற அறிவிப்பு. 1994-ம் வருஷத்துச் சட்டப்படி அதை வைத்தே ஆக வேண்டும். சரி, அது ரெண்டையும் சொல்ல மாட்டார்கள் என்றால் உள்ளே அரை மணி நேரம் அப்படி என்னதான் பார்க்கிறார்கள்?

தலை முதல் கால் வரை பார்க்கிறார்கள். அந்த நீண்ட லிஸ்டில் ஒரு ஐட்டம் செரிபெல்லம், அதாவது சிறுமூளை. ரிப்போர்ட்டில் அதற்கு ஒரே ஒரு வரிதான். ஆனால் அந்த ஒரு வரியில் ஒரு குடும்பமே ஆடிப்போய்விடலாம். (பி.காம். படிக்கிறவர்களுக்கு இது எதற்கு என்று கேட்காதீர்கள். இன்னும் ஐந்தாறு வருஷத்தில் நம்மில் பாதிப் பேர் அந்த ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு முழிக்கப் போகிறோம்!)

சிறுமூளை பிடரிக்கு உள்பக்கம் இருக்கிறது. எடையில் மொத்த மூளையில் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் மூளையின் நரம்பணுக்களில் பெரும்பகுதி இதற்குள்தான் அடைந்து கிடக்கிறது. விழாமல் நடப்பது, ஊசியில் நூல் கோர்ப்பது, வார்த்தை குழறாமல் பேசுவது எல்லாவற்றிலும் இதற்குப் பங்கு உண்டு.

கருவில் இது இடது வலது என்று ரெண்டு மேடுகளாக ஆரம்பிக்கிறது. நடுவில் சேரும் இடத்தில் உருவாகும் பாகத்துக்கு வர்மிஸ் என்று பெயர். வர்மிஸ் மேலிருந்து கீழாக வளர்ந்து, அடியில் இருக்கும் நீர் அறையைக் கதவு மாதிரி மூடுகிறது. இந்தக் கதவு முழுசாக மூட 18 முதல் 20 வாரம் வரை ஆகலாம். பிறந்த பிறகும் ரெண்டு வயது வரை சிறுமூளை வேகமாக வளர்ந்துகொண்டேதான் இருக்கும்.

ஸ்கேனில் இதன் குறுக்களவை எடுப்பார்கள். ஒரு சுவாரசியமான விஷயம்: ஐந்தாம் மாத வாக்கில் இந்த அளவு எத்தனை மில்லிமீட்டரோ, கருவுக்குக் கிட்டத்தட்ட அத்தனை வாரம். 20 வாரம் என்றால் சுமார் 20 மில்லிமீட்டர். அளவோடு வடிவத்தையும் பார்ப்பார்கள். 1986-ல் லண்டனில் நிக்கோலைட்ஸ் குழுவினர் ஒன்றைக் கவனித்து எழுதினார்கள். முதுகுத்தண்டு மூடாத குழந்தைகளுக்குச் சிறுமூளை கீழே இழுக்கப்பட்டு வாழைப்பழம் மாதிரி வளைந்து தெரிகிறது. முதுகில் இருக்கும் சின்ன ஓட்டை கண்ணில் படாமல் போகலாம். தலையில் தெரியும் இந்த வாழைப்பழம் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். இன்றைக்கும் உலகம் முழுக்க அதே பெயர்தான், 'பனானா சைன்'.

வர்மிஸ் சமாச்சாரம் அவ்வளவு சுலபமில்லை. 'டேண்டி வாக்கர்' என்ற பெயரை ரிப்போர்ட்டில் பார்த்தவர்களுக்குத் தூக்கம் போய்விடும். வர்மிஸ் சரியாக வளராமல், நீர் அறை பெரிதாக வீங்கி நிற்கும் நிலை அது. ஆனால் 16 வாரத்தில் பார்த்தால் நல்ல குழந்தைக்கும் கதவு திறந்தே தெரியலாம். ஸ்கேன் கருவியைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தாலும் இல்லாத இடைவெளி இருப்பதுபோலத் தெரியும். பிளேக்ஸ் பவுச் என்று ஒன்று உண்டு, பார்வைக்கு டேண்டி வாக்கர் மாதிரியே இருக்கும். அதனோடு வேறு கோளாறு எதுவும் இல்லாவிட்டால் பெரும்பாலும் குழந்தை நன்றாகவே இருக்கும். அதனால்தான் நல்ல டாக்டர்கள் ரெண்டு மூணு வாரம் கழித்து மறுபடி பார்ப்போம் என்கிறார்கள். தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ., குரோமோசோம் டெஸ்ட் எல்லாம் செய்யச் சொல்கிறார்கள்.

இங்கேதான் சிக்கல். மூளை தன் நேரத்துக்கு வளர்கிறது, சட்டம் வேறு காலண்டர் வைத்திருக்கிறது. கருக்கலைப்புக்கு 1971-ம் வருஷச் சட்டம் வைத்த எல்லை 20 வாரம். வர்மிஸ் மூடியதா இல்லையா என்று தெரிகிற அதே வாரம்! சந்தேகம் வந்தால் காத்திருந்து உறுதி செய்ய அவகாசமே கிடையாது. 2008-ல் மும்பையில் ஒரு தம்பதி, குழந்தையின் இதயக் கோளாறு 20 வாரத்துக்குப் பிறகுதான் தெரிந்தது என்று உயர் நீதிமன்றம் போனார்கள். அனுமதி கிடைக்கவில்லை. 2021-ல்தான் சட்டம் திருத்தப்பட்டது. இப்போது கடுமையான குறை என்றால் ரெண்டு டாக்டர்களின் கருத்தோடு 24 வாரம் வரை. அதற்கு மேல் என்றால் மாநில மருத்துவக் குழு முடிவு செய்யும்.

இந்த நாலு வாரம் கலைப்பதற்காக மட்டும் கிடைத்தது என்று நினைத்தால் தப்பு. வைத்துக்கொள்ளவும் அதே நாலு வாரம்தான் உதவுகிறது. அவசரத்தில், அரைகுறைப் படத்தை நம்பி, நல்ல குழந்தையை இழக்காமல் இருக்க அவகாசம் வேண்டுமே.

நம் ஊருக்கு இதில் ஒரு பெருமை உண்டு. பக்கத்து மயிலாப்பூரில் டாக்டர் எஸ். சுரேஷ் தொடங்கிய மெடிஸ்கேன், கருவிலேயே குறைகளைக் கண்டுபிடிக்கும் துறையில் நாடு முழுக்கத் தெரிந்த பெயர். பல ஊர் டாக்டர்கள் அங்கே வந்து பயிற்சி எடுத்திருக்கிறார்கள். பிறவிக் குறைகளுக்கு இந்தியா அளவில் ஒரு பதிவேடு 2001-ல் ஆரம்பித்ததும் சென்னையில் இருந்துதான்.

கடைசியாக ஒன்று. வாழைப்பழம் தெரியாமலே இருக்க வழி இருக்கிறதா? ஓரளவு இருக்கிறது. கரு உருவான 28 நாளுக்குள் முதுகுத்தண்டு மூடிவிட வேண்டும். பல பெண்களுக்குக் கர்ப்பம் என்று தெரிவதே அந்தச் சமயத்தில்தான். அதனால் ஃபோலிக் ஆசிட் மாத்திரையைக் கர்ப்பத்துக்கு முன்பே தொடங்கச் சொல்கிறார்கள், தினம் 400 மைக்ரோகிராம். எல்லாக் குறையையும் அது தடுக்காது. ஆனால் மருந்துக்கடையில் அதைவிட மலிவான மாத்திரை அதிகம் இல்லை.

யாராவது ஒரு அக்காவோ அண்ணியோ அஞ்சாம் மாச ரிப்போர்ட்டோடு கலங்கி நின்றால், உடனே நெட்டில் தேடிப் பயமுறுத்த வேண்டாம். எத்தனையாவது வாரத்தில் எடுத்தது, மறுபடி எப்போது பார்க்கச் சொன்னார்கள், வேறு ஏதாவது குறை தெரிந்ததா என்று மூன்றே கேள்வி கேளுங்கள். பதில் தெரியாவிட்டால், டாக்டரிடம் இதையே கேட்டு வரச் சொல்லுங்கள். பாதி பயம் அங்கேயே குறையும்.