வெள்ளைப் பலகையும் மஞ்சள் பலகையும்

சென்ற ஆண்டு ஆய்வு உதவித்தொகை நான்கு மாதங்கள் தொடர்ந்து வராமற் போனபோது, அப்பாவின் அம்பாசிடரை ஒரு திருமணத்திற்கு வாடகைக்கு விட்டேன். பழைய கார்களுக்குப் புனே நகரத் திருமணங்களில் நல்ல மதிப்பு இருப்பதாக நண்பர் ஒருவர் சொன்னார். காலையில் மணமகளை மண்டபத்திற்கு அழைத்துச் செல்ல வேண்டும். மாலையில் மணமக்களை வழியனுப்பிவைக்க வேண்டும். வாடகை ஐயாயிரம் ரூபாய். வண்டியைப் பிறர் கையில் கொடுக்க மனமில்லாததால், நானே ஓட்டுவதாக ஒப்புக்கொண்டேன்.

அது 1998இல் வாங்கிய வண்டி. கட்கியில் நாங்கள் இருந்த தொழிற்சாலைக் குடியிருப்பில் எவர் வீட்டுத் திருமணமானாலும், அப்பா அதைத் துடைத்துக் கொண்டுபோய் வாசலில் நிறுத்துவார். பெட்ரோல் நிரப்பிக் கொடுத்தால் மறுக்கமாட்டார். பணமாக ஒரு ரூபாயும் வாங்கமாட்டார். அதை அவருடைய வீண் பெருமை என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன்.

திருமண நாளன்று மணமகளும் அவளுடைய தாயாரும் இரு சிறுமியரும் பின்னிருக்கையில் அமர்ந்திருந்தனர். பாலத்துச் சரிவில் இரு சக்கர வண்டி ஒன்று திடீரெனக் குறுக்கே வர, பிரேக்கை முழுவதும் அழுத்த நேர்ந்தது. ஒருவருக்கும் ஒன்றுமில்லை. சிறுமியர் சிரித்துவிட்டனர். நானும் மறந்துவிட்டேன்.

மண்டபத்து வாசலில் மணமகளின் மாமா, “டிரைவர், வண்டியை அந்தப் பக்கம் தள்ளி நிறுத்து” என்றார். அந்த ஒருமை என்னைச் சுட்டது. முறைசாராத் தொழிலாளரைப் பற்றி மூன்று ஆண்டுகளாக ஆய்வு செய்துவரும் நான், அவர்களுள் ஒருவனாகக் கருதப்பட்டதற்காக மனம் வாடினேன். இதை எழுதுவதற்கு இப்போதும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

வண்டியைத் தள்ளி நிறுத்திய இடத்தில் மஞ்சள் எண் பலகை கொண்ட கார்கள் சில நின்றன. அவற்றின் ஓட்டுநர்கள் வேப்பமர நிழலில் அமர்ந்திருந்தனர். அவர்களுள் மூத்தவர் என் வண்டியைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, “அழகான வண்டி, பாவூ. ஆனால் பலகை வெள்ளையாக இருக்கிறதே” என்றார். குரலில் கோபமில்லை. இத்திருமணத்திற்குத் தம் தம்பி மகனுடைய காரைத்தான் முதலில் பேசியிருந்ததாகவும், அம்பாசிடர் கிடைத்ததும் அதை வேண்டாமென்று சொல்லிவிட்டதாகவும் கூறினார். பெர்மிட், கூடுதல் வரி, வாடகை வண்டிக்கான காப்பீடு, காலந்தோறும் தகுதிச் சான்று எனத் தாம் செலுத்துவனவற்றை ஒவ்வொன்றாக விரல் விட்டு எண்ணிக் காட்டினார். பிறகு தம் டப்பாவைத் திறந்து ஒரு பாக்கரியை எனக்கும் பிய்த்துக் கொடுத்தார்.

அன்றிரவு என் காப்பீட்டுப் பத்திரத்தை முதன்முறையாக முழுவதும் படித்தேன். வாடகைக்கோ ஊதியத்திற்கோ ஓட்டும்போது அது செல்லாது என்று தெளிவாக எழுதப்பட்டிருந்தது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 66ஆம் பிரிவின்படி, பெர்மிட் இன்றி வண்டியை வாடகைக்கு ஓட்டக் கூடாது. 2019 திருத்தத்திற்குப் பிறகு இதற்கான அபராதம் பத்தாயிரம் ரூபாய். சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. ஐம்பது ஆண்டுகளைக் கடந்து பழம்பெரும் வாகனமாகப் பதிவுபெற்ற கார்களையும் வணிகத்திற்கு ஓட்டக் கூடாதென 2021இல் வந்த விதி சொல்கிறது. ஆனால் அபராதத்தை எண்ணி நான் அஞ்சவில்லை. அந்தப் பாலத்துச் சரிவுதான் கண்முன் வந்தது. அந்த ஒரு கணம் தவறியிருந்தால், பின்னிருக்கையில் இருந்த நால்வருக்கும் காப்பீட்டுப் பணம் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. என்னிடமோ அவர்களுக்குக் கொடுக்க எதுவுமே இல்லை.

என் ஆய்வேட்டின் மூன்றாம் இயலில், பெர்மிட் முறை என்பது எளியோரைத் தொழிலிலிருந்து விலக்கிவைக்க அரசு எழுப்பிய சுவர் என்று எழுதியிருந்தேன். அதில் உண்மை இல்லாமலில்லை. அலுவலகங்களில் அவர்கள் படும் அலைச்சலை நானே பதிவு செய்திருக்கிறேன். ஆயினும் அதே சுவர்தான் பயணிக்குப் பாதுகாப்பாகவும், அச்செலவுகளையெல்லாம் ஏற்றுத் தொழில் செய்பவருக்கு வேலியாகவும் நிற்கிறது. வேலியின் எப்பக்கம் நின்று அந்த இயலை எழுதினேன் என்பதை வேப்பமர நிழலில்தான் உணர்ந்தேன்.

‘எல்லோரும் செய்வதுதானே’ என்று நண்பர்கள் தேற்றுகிறார்கள். செய்கிறார்கள்தான். அந்த ஐயாயிரத்தை நானும் திருப்பித் தரவில்லை. அது விடுதிக் கட்டணத்திற்குப் போய்விட்டது. சென்ற மாதம் எங்கள் துறையின் உதவியாளர் தம் மகள் திருமணத்திற்கு வண்டி கேட்டார். துடைத்துக் கொண்டுபோய் நிறுத்தினேன். பெட்ரோல் நிரப்பிக் கொடுத்தார், மறுக்கவில்லை.

மூன்றாம் இயலின் அந்தப் பத்தியை நீக்கிவிட்டேன். அவ்விடத்தில் என்ன எழுதுவது என்பது இன்னும் முடிவாகவில்லை.