வலிக்காத காலும் கொல்லிமலையில் பிறந்த டாக்டரும்

மிஷனரின்னு எழுதினாலே மதமாற்றச் சண்டை ஒன்னு ஆரம்பிச்சிடும். அதை அப்புறம் வச்சுக்கலாம். வீட்டில் சுகர் நோயாளி இருக்கிறவங்க இந்த த்ரெட்டைக் கடைசி வரை படிங்க.

1. பால் பிராண்ட். 1914-ல் கொல்லிமலையில் பிறந்தவர். அப்பா ஜெஸ்ஸி, அம்மா ஈவ்லின் இருவருமே இங்கிலாந்திலிருந்து வந்த மிஷனரிகள். 9 வயசில் படிக்க இங்கிலாந்து போன பையன் அப்பாவை மறுபடி பார்க்கவே இல்லை. 1929-ல் மலேரியாவோட சேர்ந்து வரும் கருநீர்க் காய்ச்சலில் அப்பா இறந்துட்டார்.

2. பிராண்ட் முதலில் கத்துக்கிட்டது கட்டட வேலை. கொத்து வேலை, தச்சு வேலை எல்லாம். அப்புறம்தான் லண்டனில் மருத்துவம், அறுவை சிகிச்சை. 1946-ல் 32 வயசில் வேலூர் சிஎம்சிக்கு வந்தார்.

3. அப்போ செங்கல்பட்டில் தொழுநோயாளிகளைப் பார்த்துக்கிட்டிருந்தவர் டாக்டர் ராபர்ட் காக்ரேன். அங்கே போன பிராண்ட், கழுகு நகம் மாதிரி மடங்கிப்போன கைகளைப் பார்த்தார். இதுக்கு யாராவது ஆபரேஷன் பண்ணியிருக்காங்களான்னு தேடினால், அந்தப் பக்கமே யாரும் போகலை.

4. தொழுநோய் வந்தால் சதை அழுகி விரல் தானா உதிரும்னுதான் எல்லாரும் நம்பினாங்க. ஒருநாள் துருப்பிடிச்ச பூட்டு ஒன்னை பிராண்டால் திறக்க முடியலை. ஒரு சின்னப் பையன் சாவியை வாங்கி ஒரே திருகில் திறந்துட்டான். பார்த்தால் அவன் விரல் எலும்பு வரை கிழிஞ்சிருக்கு. அவனுக்குத் தெரியவே இல்லை.

5. பிராண்டுக்குப் புரிஞ்சது இதுதான்: கிருமி நரம்பைக் கெடுக்குது, வலி போகுது. வலி இல்லாததால் காயம், காயத்தில் சீழ், கடைசியில் விரல் போகுது. ராத்திரி தூங்கும்போது எலி கடிச்சே சிலருக்கு விரல் போயிருந்தது. அதுக்கு அவர் கொடுத்த வைத்தியம், ஆளுக்கொரு பூனை!

6. முன்கையில் நல்லா இருக்கிற தசைநாணை எடுத்து விரலுக்கு மாற்றிக் கட்டி, மடங்கின கையை நிமிர்த்தினார். அதோட விடலை. அந்தக் கைக்கு வேலை வேணுமே? தச்சு வேலை கத்துக்கொடுத்தார். லண்டனில் படிச்சது இங்கே உதவிச்சு.

7. இனி நம்ம கதை. பல வருஷ சுகரும் இதே வேலையைத்தான் செய்யுது. பாதத்தில் உணர்ச்சி போயிடும். தொழுநோயாளிகளுக்காகச் செஞ்ச மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பைத்தான் இன்னிக்கு சுகர் நோயாளிகளுக்கும் எழுதித் தர்றோம்.

8. பௌர்ணமிக்கு கிரிவலம் 14 கிலோமீட்டர், வெறுங்காலோட. "எனக்கு வலிக்கவே இல்ல சார், சாமி பார்த்துக்கிட்டார்"னு சொல்வாங்க. உள்ளங்காலைத் திருப்பினால் கொப்புளம் உடைஞ்சிருக்கும். சுகர் இருந்து கால் வலிக்கலைன்னா சந்தோஷப்படாதீங்க, பயப்படுங்க.

9. செய்ய வேண்டியது:
• தினமும் ராத்திரி உள்ளங்காலைப் பாருங்க. குனிய முடியாதவங்க கண்ணாடியில் பாருங்க.
• வீட்டுக்குள்ளேயும் செருப்பு. போடும் முன்னாடி உள்ளே கல், ஆணி இருக்கான்னு தடவிப் பாருங்க.
• வெந்நீர் ஒத்தடம் வேண்டாம். ஆணியை பிளேடால் சீவ வேண்டாம்.
• கிரிவலம் போகும் முன் அரசு மருத்துவமனையில் பாத உணர்ச்சியை டெஸ்ட் பண்ணிக்கோங்க. புண் இருந்தால் நடக்கவே வேண்டாம். ஆட்டோவில் சுற்றினாலும் அண்ணாமலையார் கோவிச்சுக்க மாட்டார்.

10. அந்தச் சண்டைக்கு வருவோம். மிஷனரிகள் ஏன் வந்தாங்கன்னு விவாதிக்க எல்லாருக்கும் உரிமை உண்டு. ஆனால் சொந்தக்காரங்களே ஒதுக்கி வச்ச கையை 32 வயசில் ஒருத்தர் பிடிச்சுப் பார்த்தார். அதனால்தான் இன்னிக்கு எந்த மதத்துக்காரர் காலையும் எங்களால் காப்பாற்ற முடியுது. 2003-ல் அவர் இறந்தார். அவர் சொல்லிக்கொடுத்ததை ஓ.பி.யில் தினமும் செஞ்சுக்கிட்டிருக்கோம்.

இன்னிக்கு ராத்திரி உங்க அம்மா அப்பா பாதத்தை ஒருமுறை திருப்பிப் பாருங்க.

அரசு மருத்துவர், வேங்கிக்கால்