உள்ளேன் ஐயா

திங்கள்

ஆசிரியர் கேள்வியைக் கேட்டு முடிப்பதற்குள் ஏழெட்டுக் கைகள் உயர்கின்றன. இரண்டாம் வரிசையில் ஒரு மேசையில் மட்டும் கை உயரவில்லை. அங்கே உட்கார்ந்திருக்கும் வெள்ளைப் பொம்மையின் உச்சந்தலையில் ஒரு விளக்கு விட்டுவிட்டு மினுங்குகிறது. ஆசிரியர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் பொம்மைக்குள்ளிருந்து ஒரு சிறுமியின் குரல் விடை சொல்கிறது. நம் பள்ளிக்கூடங்களில் ‘உள்ளேன் ஐயா’ என்று எழுந்து நிற்பதை நார்வேப் பிள்ளைகளில் சிலர் இப்படித்தான் செய்கிறார்கள்.

பொம்மையின் பெயர் ஏவி1. உயரம் 27 சென்டிமீட்டர், ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேல். எடை ஏறத்தாழ ஒரு கிலோ. தலை, கழுத்து, மார்பு வரை உடம்பு. அதற்குக் கீழே ஒன்றும் கிடையாது. உள்ளே கேமரா, மைக், ஸ்பீக்கர். குழந்தை வீட்டிலோ ஆஸ்பத்திரியிலோ படுத்தபடி டேப்லெட்டில் விரலை இழுத்தால் இங்கே தலை திரும்பும். பலகையைப் பார்க்கலாம். பாடம் அலுத்துவிட்டால் சன்னலைப் பார்க்கலாம், பக்கத்துப் பையன் நோட்டில் என்ன கிறுக்குகிறான் என்றும் பார்க்கலாம். பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கும்படி கிசுகிசுக்கத் தனியாக ஒரு வசதி இருக்கிறது. இதைச் செய்தவர்களுக்குக் கடைசி பெஞ்சு அனுபவம் இருந்திருக்க வேண்டும். கண்களில் மகிழ்ச்சி, சோகம், குழப்பம் காட்டலாம். ‘இன்று முடியவில்லை, என்னைக் கேட்காதீர்கள்’ என்று சொல்லத் தலையில் நீல விளக்கு எரியும். ஆசிரியர் அதைப் பார்த்து விட்டுவிடுவார்.

பொம்மையில் திரை இல்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். குழந்தை வகுப்பைப் பார்க்கும், வகுப்பு குழந்தையைப் பார்க்காது. மருந்தில் முடி கொட்டியிருக்கலாம், ஸ்டீராய்டில் முகம் வீங்கியிருக்கலாம், மூக்கில் குழாய் இருக்கலாம். அந்தக் கோலத்தில் முப்பது பேர் முன்னால் வரச்சொன்னால் எந்தப் பிள்ளை வரும்? கொரோனாக் காலத்து ஆன்லைன் வகுப்புகளில் கேமராவை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கு இது சொல்லாமலே விளங்கும்.

செவ்வாய்

2015இல் ஆஸ்லோவில் காரென் டொல்வா, மாரியுஸ் ஆபெல், மத்தியாஸ் டாய்ல் என்ற மூவர் சேர்ந்து ஒரு கம்பெனி தொடங்கினார்கள். பெயர் ‘நோ ஐசொலேஷன்’. தனிமை வேண்டாம் என்று பொருள். ரோபோ செய்தே தீருவது என்று அவர்கள் கிளம்பவில்லை. பதின்ம வயது மகளைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த தாய் ஒருவரைச் சந்தித்தார்கள். நோயாளிப் பிள்ளைகளைத் தனிமை எப்படி வாட்டுகிறது என்று அவர் சொல்லக் கேட்டார்கள். அதன்பின் வந்ததுதான் பொம்மை.

இந்த வரிசை முக்கியம். வராத பிள்ளைக்குப் பாடம் எப்படிக் கொண்டுபோவது என்று யோசித்திருந்தால் வேறொரு பொருள் பிறந்திருக்கும். பாடத்துக்கு ஏற்கெனவே வழிகள் உண்டு. ஐரோப்பாவின் பெரிய குழந்தைகள் மருத்துவமனைகள் பலவற்றில் பள்ளியே இயங்குகிறது. வீட்டுக்கு ஆசிரியர் வருவதும் உண்டு. கணக்கு கட்டிலுக்கு வந்துவிடும். யார் யாரோடு ‘கா’ விட்டார்கள், புது வாத்தியாருக்கு என்ன பட்டப்பெயர், சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் எதற்குச் சிரித்தார்கள் என்பதெல்லாம் கட்டிலுக்கு வருவதில்லை.

குழந்தைகளுக்கு அதிகம் வரும் ரத்தப் புற்றுநோய் வகையில் சிகிச்சை முடிய இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆகும். பதினொரு வயதில் விட்டுப்போன பிள்ளை பதிமூன்றில் திரும்பி வரும்போது, தோழர்களுக்குக் குரல் உடைந்திருக்கும், கூட்டணிகள் மாறியிருக்கும், தனக்கென்று இருந்த இடத்தில் வேறொருவர் உட்கார்ந்திருப்பார். நோய் தீர்ந்து பள்ளிக்குப் போனால் பள்ளி ஊரார் வீடாகிவிட்டிருக்கும். புற்றுநோய் மட்டுமல்ல. ஆண்டுக்கணக்கில் உடம்பு எழவிடாமல் அடிக்கும் நாள்பட்ட சோர்வு நோய், பள்ளி வாசலை நினைத்தாலே வயிற்றைப் பிசையும் பதற்றம் இவற்றால் வராமல் இருப்பவர்களுக்கும் இப்போது இந்தப் பொம்மை போகிறது.

புதன்

ஏவி1 முதலாவது அல்ல. கனடாவின் டொரான்டோவில் 1990களின் பிற்பகுதியிலேயே ரையர்சன் பல்கலைக்கழகத்தின் டெபோரா ஃபெல்ஸ் முதலியோர் ‘பெபிள்ஸ்’ என்ற ஏற்பாட்டைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். அது ஜோடியாக வரும்: ஒன்று வகுப்பில், ஒன்று ஆஸ்பத்திரியில். பிள்ளையின் முகம் தெரியும் திரை ஒன்று. கேள்வி கேட்க உயரும் கை ஒன்று. இன்றைய மொபைலில் வீடியோ அழைப்பு போடும் தலைமுறைக்கு இது பெரிய விஷயமாகத் தோன்றாது. அன்று வீட்டு இணையம் தொலைபேசிக் கம்பி வழியாகக் கீச்சிட்டுக்கொண்டு வந்த காலம்.

அடுத்து வந்தது சக்கரம். அமெரிக்காவில் செய்த விகோ என்ற ரோபோ நான்கடி உயரம், மேலே சிறிய திரை, கீழே சக்கரங்கள், விலை 6,000 டாலர் அளவில். டெக்சாஸ் மாநிலத்தில் ஆயிரத்துச் சொச்சம் பேர் வாழும் நாக்ஸ் சிட்டி என்ற சிற்றூரில் 2011இல் உயர்நிலைப் பள்ளி மாணவன் ஒருவன் இதை ஓட்டிக்கொண்டு வகுப்பு வகுப்பாகப் போனான். சிறுநீரக நோய், உடம்பில் எதிர்ப்புச் சக்தி குன்றியிருந்ததால் கூட்டத்துக்குள் போகக் கூடாத நிலை. வீட்டுக் கணினிமுன் இருந்தபடி நடைவழியில் ரோபோவை ஓட்டி, மணி அடித்ததும் அடுத்த வகுப்புக்கு விரைந்தான். கூடப் படித்தவர்கள் அவன் குடும்பப் பெயரையே ரோபோவுக்கும் சூட்டிவிட்டார்கள்.

சக்கரம் சுதந்திரம்தான், சந்தேகமில்லை. ஆனால் சக்கரம் படியேறாது. சாத்திய கதவைத் திறக்காது. வைஃபை எட்டாத மூலையில் போய் நின்றால் நின்றதுதான், யாராவது வந்து தள்ள வேண்டும்.

ஏவி1க்கு அந்த வம்பே இல்லை, ஏனென்றால் அது ஓர் அடிகூடத் தானாக நகராது. அறிவியல் கூடத்துக்குப் போக வேண்டுமானால் ஒரு தோழி தூக்க வேண்டும். இடைவேளைக்கு மைதானத்துக்கு வர வேண்டுமானால் ஒருவன் பையில் போட்டு எடுத்துவர வேண்டும். பார்த்தால் இது குறை. இந்தக் குறிப்பை எழுதுபவருக்கு இதுவே அந்தப் பொம்மையின் பெரிய நிறை என்று படுகிறது. தானாக ஓடும் ரோபோவை வகுப்பு வேடிக்கை பார்க்கும், பழகியபின் கவனிக்காமலும் விட்டுவிடும். தூக்கியே ஆகவேண்டிய பொம்மையை யாராவது ஒருவர் ஒவ்வொரு மணிக்கும் நினைத்தே தீர வேண்டும். தூக்கும்போது சும்மா தூக்க மாட்டார்கள். ‘சாப்பிட்டாயா’ என்று ஒரு வார்த்தையாவது கேட்பார்கள்.

வியாழன்

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் அர்வைன் வளாகத்தில் வெரோனிகா அகுமாடா நியூஹார்ட்டும் உடன் ஆய்வாளர்களும் 2016இல் இத்தகைய ரோபோக்கள் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வீட்டோடு கிடக்கும் ஐந்து பிள்ளைகள், அவர்களுடைய பெற்றோர் ஐவர், ஆசிரியர்கள் பத்துப் பேர், வகுப்புத் தோழர்கள் 35 பேர், நிர்வாகிகள் ஆறு பேர். சின்ன ஆய்வுதான், ஆனால் சொன்னது பெரிது. தோழர்கள் ரோபோவை இயந்திரமாகப் பார்க்கவில்லை, வராத பிள்ளையாகவே நடத்தினார்கள். அது ஓரத்தில் நின்றால் ‘ரோபோ நிற்கிறது’ என்று சொல்லாமல் பிள்ளையின் பெயரைத்தான் சொன்னார்கள். வீட்டிலிருந்த பிள்ளைகளோ, மறுபடி மற்றவர்களைப் போல ஆனதாக உணர்ந்தார்கள். மேற்கொண்டு படிப்பது பற்றிப் பேசவும் தொடங்கினார்கள்.

எல்லா வகுப்பிலும் இப்படி இனிக்கவில்லை. ஆஸ்லோ மெட்ரோபாலிடன் பல்கலைக்கழகத்தின் லார்ஸ் யொஹானசன், எரிக் ரஸ்முசென், மாரிட் ஹால்டார் மூவரும் ஏவி1 பற்றித் தொடர்ந்து எழுதிவருகிறார்கள். ஆசிரியர்களிடம் அவர்கள் கண்ட தயக்கங்களில் ஒன்று, அந்தப் பக்கம் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது. பிள்ளையா? பிள்ளையோடு அம்மாவுமா? மாமா, சித்தி எல்லாருமா? சுவருக்கும் காது உண்டு என்பார்கள். இங்கே மேசைமேல் கண்ணும் சேர்ந்து உட்கார்ந்திருக்கிறது.

கம்பெனியின் பதில்: படமோ குரலோ பதிவாவதில்லை, ஒரு பொம்மையை ஒரு நேரத்தில் ஒரு கருவியிலிருந்துதான் இயக்கலாம், பிள்ளை இணைப்பில் இருக்கும்போது பொம்மையின் கண் எரியும். பதில் நேர்மையானதுதான். ஆனாலும் ஆசிரியரின் கவலை முழுக்கத் தீராது. வகுப்பில் ஒரு பிள்ளை தன் வீட்டுச் சண்டையைச் சொல்லி அழுதால் அது அந்த நான்கு சுவருக்குள் நிற்க வேண்டியது. வராத பிள்ளையின் உரிமை பெரிதா, அழுத பிள்ளையின் உரிமை பெரிதா என்பதற்கு மென்பொருளில் விடை இல்லை. பெற்றோரை அழைத்து, முன்கூட்டியே பேசி, எழுத்தில் வாங்கிவைத்துக்கொள்வதுதான் வழி.

மற்ற இடையூறுகள் அற்பமானவை, அதனாலேயே எரிச்சலூட்டுபவை. இரவு சார்ஜில் போட மறந்தார்கள். மாற்று ஆசிரியருக்கு விவரம் தெரியவில்லை. பள்ளி வைஃபை பொம்மையை உள்ளே விடவில்லை. இதற்காகவே அதில் சிம் கார்டும் உண்டு. அறை மாறியபோது பொம்மை பழைய அறையிலேயே உட்கார்ந்திருந்தது, உள்ளிருந்து பிள்ளை காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டிருந்தது. வீட்டில் தனியாக இருப்பதைவிடக் கொடுமை அது.

ஜெர்மனியில் இந்தப் பொம்மையை ‘அவதார்’ என்றே சொல்கிறார்கள். பெர்லினின் மார்த்ஸான் ஹெல்லர்ஸ்டோர்ஃப் வட்டார நிர்வாகம் தன் பள்ளிகளுக்கு நான்கு அவதார்கள் வாங்கியிருந்தது. 2022 தொடக்கத்தில் நுரையீரல் நோயுள்ள ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் அதில் ஒன்றின் வழியே வகுப்பில் இருந்தது உலகச் செய்தியானது. பத்து அவதாரத்தில் இல்லாத இந்தப் பதினொன்றாவதற்குத் தூணைப் பிளந்து வரும் வல்லமை இல்லை, ஆனால் மேசையில் வைத்தால் சமர்த்தாக இருக்கும்.

வெள்ளி

ஜப்பானில் கதை உள்ளிருந்தே தொடங்கியது. யோஷிஃபுஜி கென்டாரோ சிறுவயதில் உடல்நலக் குறைவால் மூன்றரை ஆண்டு பள்ளிக்குப் போகவில்லை. தனக்கு இன்னொரு உடம்பு இருந்திருந்தால் என்ற அந்த நாளைய ஏக்கமே பின்னாளில் ஓரிஹிமே என்ற ரோபோவானது; 2012இல் ஓரி லேபரட்டரி என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். ஜப்பானியக் கதையில் ஓரிஹிமே ஒரு நெசவுக்காரப் பெண் நட்சத்திரம். பால்வீதி குறுக்கே ஓட, காதலனை ஆண்டுக்கு ஒருமுறைதான் பார்ப்பாள். ரோபோவின் முகம் ‘நோ’ என்ற ஜப்பானிய மரபு நாடகத்தின் முகமூடியை ஒட்டியது: சிரிப்புமில்லை, அழுகையுமில்லை, பார்ப்பவர் மனத்தில் இருப்பதை அதில் பார்த்துக்கொள்ளலாம்.

அங்கே பள்ளிக்குப் போகாத பிள்ளைகளின் கணக்கு அச்சமூட்டுகிறது. ஆண்டில் 30 நாளோ அதற்கு மேலோ வராத தொடக்க, நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் 2022ஆம் நிதியாண்டில் 2,99,048 பேர். அடுத்த ஆண்டில் 3,46,482 பேர். 2023இல் குமமோட்டோ நகரம் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காக வகுப்புகளில் ரோபோக்களை வைக்கத் திட்டமிட்டது.

இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். நோயால் வர முடியாத பிள்ளைக்கு ரோபோ ஒரு பாலம். பள்ளிக்குப் பயந்து வராத பிள்ளைக்கு அது பாலமாகவும் இருக்கலாம், வராமலே காலம் தள்ள வசதியாகவும் போகலாம். கேலி செய்தவன் அதே வகுப்பில் இருக்கும்போது பொம்மையை அனுப்பிவிட்டுப் பள்ளி கை கழுவினால், பொம்மைதான் இனி கேலிக்கு ஆளாகும்.

சனி

கணக்கு பார்க்கும் நாள். 2024 நிலவரப்படி ஏவி1 பொம்மைகள் 17 நாடுகளில் சுமார் 3,000 இயங்கின. பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் தலா ஆயிரத்துக்கு மேல். அப்போது பிரிட்டனில் மாத வாடகை சுமார் 150 பவுண்டாக இருந்தது. சொந்தமாக வாங்கினால் 3,700 பவுண்டு, அதற்கு மேல் ஆண்டுப் பராமரிப்பு 780. ஒரு பள்ளிக்கு இது லேசான தொகையல்ல. அதனால் உள்ளாட்சியோ அறக்கட்டளையோ வாங்கி, ஒரு பிள்ளை தேறித் திரும்பியதும் அடுத்த பள்ளிக்குக் கைமாற்றுகிற வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. பிரான்சில் கல்வி அமைச்சகமே ‘டெட்-ஐ’ என்ற திட்டத்தில் ரோபோக்களை மாணவர்களுக்குக் கொடுக்கிறது.

கூடுதல் சாமான்களில் பொம்மையைச் சுமக்க ஒரு முதுகுப்பையும் உண்டு. பொம்மை பள்ளிக்கு வரும் முதல் நாளே ஆசிரியர் அந்தப் பையை மாட்டிக்கொள்ள ஒரு பிள்ளையைப் பிடித்துவைக்க வேண்டும். அவளும் லீவு போடும் நாளுக்கு இன்னொருத்தியையும்.