5 வாட், 300 வோல்ட்

கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் 1938-ல் ஒரு ரேடியோ பழுதுபார்க்கும் கடை திறந்தது. கடைக்காரர் லியோ ஃபென்டர், அதற்கு முன் கணக்கு எழுதும் வேலை பார்த்தவர். கிதார் வாசிக்கத் தெரியாது. கடைசிவரை கற்றுக்கொள்ளவும் இல்லை. உடைந்தும் இரைந்தும் கடைக்கு வந்த ஆம்ப்ளிஃபயர்களைத் திறந்து பார்த்து, எந்தப் பாகம் முதலில் கெடுகிறது, எந்த இணைப்பு சீக்கிரம் விட்டுப்போகிறது என்று தெரிந்துகொண்டவர், ஒரு கட்டத்தில் தானே செய்யத் தொடங்கினார். ரிப்பேர்க்காரர் வடிவமைத்த பெட்டி என்பதால் உள்ளே எல்லாம் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும். அறுபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின், எலக்ட்ரானிக்ஸ் படிக்காத ஓர் இளம்பெண்ணால் அதே ஊரில் வீட்டு கராஜில் அப்படி ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை பழக முடிகிறது.

அவர் பகலில் பல்பொருள் அங்காடி ஒன்றில் வேலை செய்கிறார். ஆம்ப்ளிஃபயர் தாத்தாவுடையது: ஃபென்டர் சாம்ப், 5எஃப்1 என்ற மாடல், 1950-களின் பிற்பகுதியில் வந்தது. 8 அங்குல ஸ்பீக்கர், மூன்றே வால்வுகள், ஒரே ஒரு வால்யூம் திருகி. வெளியே வரும் சக்தி சுமார் 5 வாட். வருடக்கணக்கில் அலமாரிக்குள் கிடந்து, சுவிட்சைப் போட்டதும் பெரிதாக இரைந்தது. பக்கத்துத் தெருவில் இருக்கும் பெரியவர் ஒருவர், ஃபுல்லர்டனில் இருந்த ஹியூஸ் நிறுவனத்தில் ரேடார் கருவிகளுக்கு ஒயரிங் பார்த்து ஓய்வு பெற்றவர், சொல்லித்தர ஒப்புக்கொண்டிருந்தார். அவர்களுடைய வேலையைப் பார்க்கத்தான் நான் போயிருந்தேன்.

முதல் பாடத்தில் சால்டரிங் கிடையாது. 5 வாட் என்ற எண்ணைக் கேட்டு யாரும் ஏமாந்துவிடக் கூடாது. வால்வுக்குப் போகும் மின்னழுத்தம் 300 வோல்ட்டுக்கு மேல். பிளக்கைப் பிடுங்கிய பிறகும், மின்சாரத்தைச் சேமித்துச் சீராக்கும் ஃபில்டர் கண்டென்சர்களில் அது தங்கியிருக்கும். வால்வுகள் சூடாக ஓடிக்கொண்டிருந்த பெட்டியை அணைத்தால் அவற்றின் வழியே பெரும்பாலும் வடிந்துவிடும். ஆனால் வால்வைக் கழற்றியிருந்தாலோ, வால்வு செத்திருந்தாலோ, வடிய வழியே இல்லை. பழுதான பெட்டி என்றால் இந்த இரண்டில் ஒன்று நடந்திருக்கத்தான் அதிக வாய்ப்பு. அதனால்தான் புதிதாகக் கற்பவருக்கு ஆபத்து கூடுதல்.

பெரியவர் ஒரு ரெசிஸ்டரின் இரு முனைகளிலும் கிளிப் வைத்த ஒயர்களைச் சேர்த்துக் கொடுத்திருந்தார். ஒரு கிளிப் உலோகச் சட்டமான சேசிஸில், இன்னொன்று கண்டென்சரின் பாசிட்டிவ் முனையில். சில நொடிகள் பொறுத்து மல்ட்டிமீட்டரை வைத்துப் பார்க்க வேண்டும். எண் பூச்சியத்துக்கு அருகே இறங்காமல் விரல் உள்ளே போகக் கூடாது. மின்சாரம் ஓடும்போது அளக்க நேர்ந்தால் ஒரு கை பேன்ட் பாக்கெட்டில் இருக்க வேண்டும். இரு கைகளும் உள்ளே இருந்தால் மின்சாரம் ஒரு கையிலிருந்து மறு கைக்கு நெஞ்சைத் தாண்டித்தான் போகும். அன்று அந்தப் பெண் அளந்த ஒவ்வொரு முறையும் இடது கை தானாகவே பாக்கெட்டுக்குப் போனது. பார்க்கும் எனக்கே நிம்மதியாக இருந்தது.

சேசிஸைத் திருப்பி வைத்தபோதுதான் எனக்கு இந்த வேலையின் அழகு புரிந்தது. கறுப்பு ஃபைபர் அட்டையில் வரிசையாகப் பித்தளைக் கண்கள். அவற்றில் ரெசிஸ்டர்களும் ஆஸ்ட்ரான் நிறுவனத்தின் மஞ்சள் கண்டென்சர்களும் ஒழுங்காகப் படுத்திருந்தன. துணி சுற்றிய ஒயர்கள் அளவாக வளைந்து, தேவைக்கு மேல் அரை அங்குலம்கூட இல்லாமல் போய்ச் சேர்ந்தன. உள்பக்கத்தில் ஒரு துண்டு மாஸ்கிங் டேப்; அதில் பேனாவால் எழுதிய ஒரு பெண்ணின் பெயர்.

அன்றைய ஃபென்டர் ஆலையில் இந்த ஒயரிங்கைச் செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், பலர் மெக்சிக வம்சாவளியினர். முடித்த வேலையில் இப்படி டேப் ஒட்டிப் பெயர் எழுதுவது வழக்கம். லிலி, லூப்பே, குளோரியா என்ற பெயர்களைப் பழைய ஆம்ப்ளிஃபயர் வைத்திருக்கும் எல்லோரும் அறிவார்கள். தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் கிதார் பிக்கப்களுக்குக் கம்பி சுற்றிய அபிகெய்ல் இபாரா 1956-ல் வேலைக்குச் சேர்ந்தவர்; அவர் கைப்பட்ட பிக்கப்புக்கென்றே பின்னாளில் ரசிகர்கள் உண்டானார்கள். மற்றவர்களின் முதல் பெயருக்கு மேல் வரலாறு அதிகம் வைத்துக்கொள்ளவில்லை. ராக் இசையின் ஒலியைப் பற்றி எழுதப்பட்ட புத்தகங்களில் கிதார் கலைஞர்களுக்குக் கிடைத்த பக்கங்களில் பத்தில் ஒன்றாவது இந்தப் பெண்களுக்குக் கிடைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அவர்கள் வைத்த ஈயம் இன்னும் விடவில்லை.

இரைச்சலுக்கு வருவோம். அமெரிக்க மின்சாரம் நொடிக்கு 60 சுழற்சி. வால்வுகளின் ஹீட்டர் ஒயரிலிருந்தோ எர்த் கோளாறிலிருந்தோ வரும் ஹம்மிங் 60 ஹெர்ட்ஸில் இருக்கும். ஏசி-யை டிசி-யாக்கும் ரெக்டிஃபயர் வால்வு இரு அரைச் சுழற்சிகளையும் பயன்படுத்துவதால், ஃபில்டர் கண்டென்சர் காய்ந்துபோனால் வரும் ஹம்மிங் 120-ல் இருக்கும். எது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. அந்தப் பெண் அதைக் கிதாரிலேயே கண்டுபிடித்தார். ஐந்தாம் தந்தி வெறுமனே 110 ஹெர்ட்ஸ். முதல் ஃபிரெட்டில் ஏறத்தாழ 116, இரண்டாவதில் 123. ஸ்பீக்கரின் இரைச்சல் இந்த இரண்டு ஃபிரெட்டுகளுக்கும் நடுவே நின்றது. 60 என்றால் கிதாரின் மிகத் தடித்த தந்திக்கும் கீழே போயிருக்கும். மீட்டரைத் தொடுவதற்கு முன்பே, இசை பழகிய காது பழுதின் இடத்தைக் காட்டிக் கொடுத்துவிட்டது. பெரியவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

மூன்று ஃபில்டர் கண்டென்சர்களும் மாற்றப்பட்டன. மஞ்சள் ஆஸ்ட்ரான்கள் தப்பின: அடுத்த வால்வின் கிரிட்டில் டிசி வோல்ட் கசிகிறதா என்று அளந்து பார்த்து, கசிவில்லை என்று உறுதி செய்தபிறகு அப்படியே விட்டார்கள். பழையது என்பதற்காகவே எல்லாவற்றையும் பிடுங்கிப் போடும் ஆட்கள் இருக்கிறார்கள். அளந்து பார்த்து முடிவெடுக்கும் இவர்களுடைய முறைதான் சரி. கழற்றிய பாகங்கள் ஒரு பையில் போட்டு ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்குள்ளேயே வைக்கப்பட்டன. இரண்டு முனை ஒயர் போய், எர்த் உள்ள மூன்று முனை ஒயர் வந்தது. எர்த் எதற்கென்றால், அந்தக் காலத்து அமெரிக்க ஆம்ப்ளிஃபயர்கள் பலவற்றில் மெயின் ஒயருக்கும் சேசிஸுக்கும் நடுவே ஒரு கண்டென்சர் இருக்கும். அது ஷார்ட் ஆனால் கிதார் தந்தியே மின்கம்பியாகிவிடும். ஆங்கிலத்தில் அதற்குச் சாவுக் கண்டென்சர் என்றே பெயர்.

மறுபடி மின்சாரம் கொடுத்த விதத்தைப் பார்த்ததும் நம் ஊர் ரேடியோ மெக்கானிக் கடை நினைவுக்கு வந்தது. நேராக பிளக் பாயின்ட்டில் செருகாமல், நடுவே ஒரு குண்டு பல்பை சீரீஸில் போட்டார்கள். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், பெட்டி பிழைக்கும். எல்லாம் சரியென்றால் பளிச்சென்று மின்னி மங்கும். மங்கியது. அதற்கு முன்பே ஸ்பீக்கர் ஒயர் மாட்டியிருக்கிறதா என்று இருவரும் தனித்தனியாகப் பார்த்துக்கொண்டார்கள், ஏனென்றால் ஸ்பீக்கர் இல்லாமல் வால்வு ஆம்ப்ளிஃபயரை ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கருகிவிடக்கூடும். பிறகு பெரியவர், சாப்பிடப் பயன்படும் சாப்ஸ்டிக் மரக்குச்சி ஒன்றால் ஒவ்வொரு சால்டர் முனையையும் வால்வையும் மெல்லத் தட்டிக்கொண்டே போனார். கரகரப்பு வரும் இடம்தான் விட்ட இடம். ஓர் உள்ளீட்டு ஜாக்கில் மட்டும் வந்தது.

அடுத்தது மாற்றம். முதல் வால்வான 12ஏஎக்ஸ்7-ன் கேத்தோடில் 1,500 ஓம் ரெசிஸ்டர் ஒன்று தனியாக இருக்கிறது. அதன்மேல் 25 மைக்ரோஃபாரட் கண்டென்சர் ஒன்றைச் சேர்த்தால் அந்தப் படியின் பெருக்கம் ஏறத்தாழ இரு மடங்காகும். செலவு மிகச் சொற்பம். இரண்டு சால்டர் முனைகள். அதே இடத்தில் 0.68 மைக்ரோஃபாரட் போட்டால் கீழ் சுரங்கள் அப்படியே இருக்க, மேல் சுரங்கள் மட்டும் முன்னுக்கு வரும். மார்ஷல் ஆம்ப்ளிஃபயர்களின் கூர்மைக்கு இந்தச் சின்னக் கண்டென்சருக்கும் பங்குண்டு.

மார்ஷலே ஒரு மாற்றத்தில் பிறந்ததுதான். லண்டனின் ஹான்வெல் பகுதியில் டிரம்ஸ் கற்றுத்தந்து கடையும் நடத்திய ஜிம் மார்ஷலிடம் இருந்த ரிப்பேர்க்காரர் கென் பிரான். அவரும், ஈஎம்ஐ நிறுவனத்தில் தொழில் பழகிக்கொண்டிருந்த இளைஞர் டட்லி கிரேவனும் சேர்ந்து ஃபென்டரின் பேஸ்மேன் என்ற ஆம்ப்ளிஃபயரின் சர்க்யூட்டை அடிப்படையாக வைத்து 1962-ல் ஜேடிஎம்45 என்ற ஆம்ப்ளிஃபயரைச் செய்தார்கள். வரைபடம் கிட்டத்தட்ட அதே. முதல் வால்வு வேறு, டிரான்ஸ்ஃபார்மர் வேறு, ஸ்பீக்கர் வேறு. வந்த ஒலி இன்னொன்றாகிவிட்டது. அந்தப் பெண்ணும் 25, 0.68 இரண்டையும் கிளிப்பில் மாற்றி மாற்றி மாட்டி, ஒவ்வொரு மாற்றலுக்கும் முன் மின்சாரத்தை வடித்து அளந்து, கடைசியில் 0.68-ஐத் தேர்ந்தெடுத்தார். பெரியவருக்கு 25 தான் பிடித்தது. வாசிக்கப்போவது அவர் இல்லையே என்று விட்டுக்கொடுத்தார்.

வால்வுகளைப் பொறுத்தவரை இன்றைய நிலை கவலை தருவது. கிதார் ஆம்ப்ளிஃபயர்களுக்கான வால்வுகளை உலகில் சில ஆலைகளே பெரிய அளவில் செய்கின்றன: ரஷ்யாவில் சராடோவ், ஸ்லோவாக்கியாவில் சாட்சா, பிறகு சீனா. 2022 மார்ச்சில் ரஷ்ய ஏற்றுமதித் தடையால் சராடோவ் வால்வுகள் வருவது தடைபட்டபோது உலகெங்கும் கடைகளில் தட்டுப்பாடு வந்தது. இந்த சாம்ப்பின் 6வி6 வால்வு இன்னும் நல்ல நிலையில் இருந்தது. மாற்ற வேண்டாம் என்று முடிவு செய்ததில் சிக்கனமும் இருந்தது, நியாயமும் இருந்தது.

மிச்சம் இருந்தது ஸ்பீக்கர். காகிதக் கூம்பின் ஓரத்தில் ஒரு கிழிசல். அதை அப்படியே விடலாமே என்றார் அந்தப் பெண். 1964-ல் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் எல்பிகோ என்ற சிறிய ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கரை பிளேடால் கீறித்தான் 'யூ ரியலி காட் மீ' பாடலின் அந்த முரட்டு ஒலியைப் பெற்றார் என்பது அவருக்குத் தெரியும். பெரியவர் மறுத்தார். டேவிஸுக்கு வேண்டிய ஒலி அது, வேண்டுமென்றே செய்தார். இது வயதில் விட்ட விரிசல், அடித்து வாசிக்க வாசிக்க வளர்ந்து கூம்பையே கொண்டுபோய்விடும் என்றார். சற்று யோசித்து அந்தப் பெண் ஒப்புக்கொண்டார். காபி வடிகட்டும் தாளில் ஒரு துண்டைக் கத்தரித்து, வெள்ளைப் பசையை நீர்க்கக் கலக்கி, கிழிசலின் பின்புறமாக ஒட்டினார்கள். காய ஒரு இரவு ஆகும், அதுவரை வாசிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் பெரியவர் தன் மீட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அந்தப் பெண் கரகரத்த ஜாக்கைக் கழற்ற ஆரம்பித்தார்.