மார்பில் அணியும் தாளம்

லூசியானாவின் நெல் வயல்களுக்கும் டெக்சாஸின் எண்ணெய் ஆலைகளுக்கும் நடுவே பிறந்த ஒரு கருவி, பள்ளிக்கூடம் விரட்டிய ஒரு மொழியைச் சுமந்து நிற்கிறது.

இந்தக் கருவியை யாரும் கையில் ஏந்துவதில்லை. சட்டையைப் போல் மாட்டிக்கொள்கிறார்கள். இரண்டு தோள்களிலும் வளைந்து தொங்கும் எவர்சில்வர் தகடு. மார்பிலிருந்து வயிறு வரை, கூரைத் தகரத்தில் இருப்பதைப் போல, குறுக்கே வரி வரியாக மேடும் பள்ளமும். வாசிப்பவரின் கைகளில் பாட்டில் ஓப்பனர்கள் அல்லது கரண்டிகள். மனிதர் தன் மார்பையே பிறாண்டிக்கொள்கிறார் என்றுதான் முதலில் தோன்றும். சற்றுப் பொறுத்தால், அரங்கில் இருக்கும் அத்தனை கால்களும் அந்தப் பிறாண்டலுக்குக் கட்டுப்பட்டு அசைவது தெரியவரும்.

அமெரிக்காவின் தென் கோடியில், லூசியானா மாநிலத்தின் ஓப்பலூசஸ், லஃபாயெட் நகரங்களைச் சுற்றியுள்ள சமவெளியில் வார இறுதி நடனங்களின் சத்தம் இது. இசையின் பெயர் ஸைடிகோ. கருவியின் பெயர் ஃப்ராத்வார். தேய்ப்பது என்ற பொருள் தரும் பிரெஞ்சு வினையிலிருந்து வந்த சொல். ஆங்கிலத்தில் ரப்போர்டு என்கிறார்கள். அக்கார்டியன் மெட்டைத் தர, டிரம்ஸ் அடியைத் தர, இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியை நிரப்பி ஆட்டத்தை முன்னே தள்ளுவது ஃப்ராத்வாரின் வேலை.

இந்தியக் காதுகளுக்கு உரசல் தாளம் அந்நியமல்ல. பொதிகை மலைக் காணிக்காரர்கள் இரும்பில் செய்த கொக்கரையைக் கம்பியால் உரசிச் சடங்குப் பாட்டுப் பாடுகிறார்கள். ஆர்.டி. பர்மனின் பல இந்திப் பாடல்களில் 'ரெசோ ரெசோ' என்ற பிரேசில் நாட்டுக் கருவியின் சரசரப்பு உண்டு. ஆனால் உரசும் கருவியை உடம்பிலேயே அணியும் யோசனை லூசியானாக்காரர்களுடையது. அந்த யோசனை எங்கே, ஏன் வந்தது என்பதைப் புரிந்துகொள்ள அந்த நிலத்தையும் மக்களையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

உப்புக்கண்டம் இல்லாத பீன்ஸ்

தமிழ்நாட்டுக் காவிரிப் படுகையிலிருந்து போகிறவர் இங்கே வழி தவறியதாக உணர மாட்டார். கண்ணுக்கு எட்டியவரை நெல் வயல். அறுவடைக்குப் பிறகு அதே வயல்களில் தண்ணீரைத் தேக்கி, இறாலுக்கும் நண்டுக்கும் நடுப்பட்ட கிராஃபிஷ் என்ற உயிரினத்தை வளர்க்கிறார்கள். சாலையோரக் கடைகளில் விற்கும் 'பூடான்' என்பது சோற்றையும் பன்றி இறைச்சியையும் குழைத்துக் குடலில் அடைத்த பண்டம். வெயிலும் புழுக்கமும்கூடப் பழகியவைதான்.

மக்கள் இரு பெரும் பிரிவினர். கனடாவின் கிழக்குக் கரையிலிருந்து 1755 முதல் பிரிட்டிஷாரால் விரட்டப்பட்டு வந்து சேர்ந்த வெள்ளை பிரெஞ்சுக்காரர்களின் வழிவந்தவர்கள் கேஜன்கள். ஆப்பிரிக்க, பிரெஞ்சு, ஸ்பானிய ரத்தங்கள் கலந்த கறுப்பின மக்கள் கிரியோல்கள். நிறம் இவர்களைப் பிரித்தது. சட்டமும் பிரித்தது. தேவாலயத்திலும் பேருந்திலும் நடனக் கூடத்திலும் தனித்தனி இடம். ஆனால் இரு தரப்பின் வீட்டு மொழியும் பிரெஞ்சின் ஏதோ ஒரு வடிவம். அக்கார்டியனும் இரு தரப்புக்கும் பொது.

கிரியோல் விவசாயக் கூலிகளின் வீடுகளில் சனிக்கிழமை தோறும் மேஜை நாற்காலிகளை வெளியே தூக்கிப் போட்டுவிட்டு ஆடுவார்கள். அந்த நடனத்துக்கு 'லா லா' என்று பெயர். கத்தோலிக்கர்களான அவர்கள், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் கருவிகளையும் நடனத்தையும் தவிர்க்க வேண்டும். அப்போது கைதட்டலும் காலால் தரையை மிதிப்பதும் போதும் என்று பாடினார்கள். 'ஜூரே' என்ற அந்தப் பாடல் வகையை 1934இல் ஆலன் லோமாக்ஸ் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காக ஒலிப்பதிவு செய்தார். ஸைடிகோவின் தாளத்துக்கு வேர் அங்கே இருக்கிறது.

டிரம்ஸ் வாங்க வசதியில்லாத வீட்டில் தாளத்துக்கு என்ன செய்வது? அடுப்படியிலும் கொல்லையிலும் கிடைத்ததை எடுத்தார்கள். துணி துவைக்கும் சலவைப் பலகையை எடுத்தார்கள். கொட்டகைக் கூரையில் மிஞ்சிய நெளித் தகரத்தை எடுத்தார்கள். ஸைடிகோ என்ற பெயருக்கே வறுமைதான் ஊற்று. பீன்ஸைக் குறிக்கும் 'லே ஸாரிகோ' என்ற பிரெஞ்சுச் சொல்லின் திரிபு அது என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். பீன்ஸோடு சேர்க்க உப்புக்கண்டம்கூட இல்லை என்று காலத்தின் கடுமையைச் சொல்லும் பேச்சுவழக்கிலிருந்து அது வந்தது.

பலகையின் குறை

சலவைப் பலகை தாளக் கருவியாகச் செய்யப்பட்டதல்ல. மரச் சட்டம், இரண்டு கால்கள், நடுவில் சிறிய வரித் தகடு. நனைந்த துணியைத் தேய்க்க இது போதும். அதை இசைக்க வேண்டுமானால் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொள்ள வேண்டும், அல்லது ஒரு கையால் பிடித்து மறு கையால் உரச வேண்டும், அல்லது கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட வேண்டும். கயிறு கழுத்தை அறுக்கும். நின்று ஆடினால் பலகையும் ஆடும். பரப்பு குறுகலாக இருப்பதால் கை தாராளமாக ஓட இடமில்லை. நெளித் தகரத்தில் இடம் உண்டு, ஆனால் விளிம்பு கையைக் கிழிக்கும், தகரமும் விரைவில் நசுங்கும்.

இரண்டாம் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் லூசியானாவின் வயல்களை விட்டு ஆயிரக்கணக்கானோர் மேற்கே டெக்சாஸுக்குப் போனார்கள். 1901இல் பியூமான்ட் நகருக்கு அருகே ஸ்பிண்டில்டாப் மேட்டில் எண்ணெய் பீறிட்ட நாள் முதல் அந்தக் கடற்கரையில் சுத்திகரிப்பு ஆலைகள் பெருகியிருந்தன. மாநில எல்லைக்கு அப்பால் உள்ள போர்ட் ஆர்தர் அவற்றின் தலைநகரம்போல் ஆயிற்று. இரவு பகலாகப் புகைபோக்கிகளில் தீ எரியும் ஊர். வயலில் கிடைக்காத வாரச் சம்பளம் அங்கே கிடைத்தது. போனவர்கள் தங்கள் சமையலையும் மொழியையும் அக்கார்டியனையும் கூடவே கொண்டுபோனார்கள்.

அப்படிப் போனவர்களில் இருவர் ஓப்பலூசஸ் பகுதியைச் சேர்ந்த ஷெனியர் சகோதரர்கள். 1925இல் பிறந்த தம்பி கிளிஃப்டன் அக்கார்டியன் வாசிப்பார். அண்ணன் கிளீவ்லேண்ட் சலவைப் பலகை. போர்ட் ஆர்தர் ஆலையில் வில்லி லாண்ட்ரி என்ற கேஜன் தொழிலாளி இருந்தார். உலோகத் தகடுகளை வெட்டி, வளைத்து, பற்றவைப்பதில் கைதேர்ந்தவர். 1946இல் கிளிஃப்டன் அவரிடம் போய்த் தனக்கு வேண்டியதைச் சொன்னார். வாயால் விளக்கியது போதாமல் மண்ணில் கோடு போட்டுக் காட்டினார் என்பது அந்த வட்டாரத்தில் இன்றும் சொல்லப்படும் செய்தி.

கேட்டது எளிமையானது: பலகையைத் தோளில் மாட்ட வேண்டும். அந்த ஒரு நிபந்தனையிலிருந்து மற்ற எல்லாம் பின்தொடர்ந்தன. மரச் சட்டம் போயிற்று, கால்களும் போயின. கயிற்றுக்குப் பதில் தகட்டின் மேல்பகுதியே இரண்டு பட்டைகளாக நீண்டு தோளின் வளைவுக்கு ஏற்ப மடிந்தது. பாரம் கழுத்திலிருந்து தோளுக்கு இறங்கியது. பிடிக்கும் வேலையிலிருந்து விடுபட்டதால் இரண்டு கைகளும் வாசிப்புக்குக் கிடைத்தன. சிறிய செவ்வகம் மார்பு முழுவதும் பரவியது. வாசிப்பவர் நிற்கலாம், நடக்கலாம், ஆடலாம், கூட்டத்துக்குள் இறங்கலாம்.

துணி துவைக்க இனி அது உதவாது. சலவைப் பலகை இசைக் கருவியாக ஆனது அந்த இடத்தில்தான் என்று சொல்லலாம். அதுவரை வீட்டுச் சாமான் ஒன்று இசைக்கு இரவல் வந்துகொண்டிருந்தது. இது இசைக்காக மட்டும் செய்யப்பட்டது.

வரிகளின் கணக்கு

இதன் ஓசை உண்டாகும் விதம் புரிந்துகொள்ளக் கடினமல்ல. உலோக முனை ஒவ்வொரு மேட்டையும் தாண்டும்போது ஒரு சிறு தட்டல் எழுகிறது. வேகமாக இழுத்தால் தட்டல்கள் நெருங்கிச் சீறலாகக் கேட்கும். மெதுவாக இழுத்தால் தனித்தனியாகக் கேட்கும். மேல்நோக்கிய இழுப்புக்கும் கீழ்நோக்கிய இழுப்புக்கும் அழுத்தம் வேறுபடும். தேய்ப்பதை நிறுத்திச் சட்டென்று தட்டினால் அது இன்னொரு ஓசை. தோள் மட்டுமே தாங்குவதால் தகட்டின் பெரும் பகுதி அதிரத் தடையில்லை. ஒலிபெருக்கி சரியாக இல்லாத நடனக் கூடங்களிலும் கடைசி மூலை வரை கேட்க வேண்டிய கருவிக்கு இந்த உரப்பு தேவைப்பட்டது.

இதன் முழு வீச்சையும் காட்டியவர் கிளீவ்லேண்ட். ஒவ்வொரு கையிலும் பல பாட்டில் ஓப்பனர்களை விரல்களுக்கிடையே சேர்த்துப் பிடித்துக்கொண்டு வாசித்தார். ஒரே இழுப்பில் பல முனைகள் பல வரிகளைத் தொட்டன. பல கைகள் சேர்ந்து வாசிப்பது போன்ற அடர்த்தி கிடைத்தது. பெரிய இசைக்குழுவில் தம்பி பியானோ அக்கார்டியனைக் கொண்டு ராஜாங்கம் செய்ய, அண்ணன் அதற்கு அடித்தளமாக நின்றார்.

1964இல் கிளிஃப்டன் ஷெனியர் ஆர்ஹூலி நிறுவனத்துக்காக இசைத்தட்டுப் பதிவு செய்யத் தொடங்கியதும், கிராமத்து நடனக் கூடத்தின் இசை ஐரோப்பா வரை போயிற்று. தலையில் கிரீடம் வைத்துக்கொண்டு மேடையேறி 'ஸைடிகோவின் மன்னர்' என்று பெயர் வாங்கினார். 1984இல் கிராமி விருது வந்தது. 1987இல் மறைந்தார், 1991இல் கிளீவ்லேண்டும். 2025இல் அவர் பிறந்த நூற்றாண்டுக்கு வெளிவந்த அஞ்சலி இசைத்தொகுப்பில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவே பங்கேற்றது.

வில்லி லாண்ட்ரியின் பெயர் அந்த அளவுக்கு வெளியே தெரியவில்லை. செய்து கொடுத்தவர்களுக்கு வழக்கமாக நேர்வதுதான். ஆனாலும் அந்தக் கூட்டு கவனிக்கத்தக்கது. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே குழாயில் தண்ணீர் குடிக்கக்கூடாது என்றிருந்த காலத்து டெக்சாஸில், ஒரு கறுப்பு இசைக்கலைஞரின் மனதில் இருந்த வடிவம் ஒரு கேஜன் தொழிலாளியின் கையில் உருப்பெற்றது.

சூரியன் மறையாத பட்டறை

ஓப்பலூசஸுக்கும் லஃபாயெட்டுக்கும் இடையில் உள்ள சிற்றூர் சன்செட். 'சூரியாஸ்தமனம்' என்று பெயர் கொண்ட இந்த ஊர், தன்னை உலக ரப்போர்டு தலைநகர் என்று அழைத்துக்கொள்கிறது. காரணம், வில்லியின் மகன் டீ டான் லாண்ட்ரி. 'டீ' என்பது சிறியவர் என்று பொருள்படும் பிரெஞ்சு அடைமொழியின் தேய்வு, 'சின்ன' டான் என்பதுபோல். தந்தை 1946இல் வகுத்த முறையைப் பின்பற்றி அவர் சன்செட்டில் ஃப்ராத்வார்களைக் கையால் செய்து நிலைநிறுத்தினார். தகட்டில் வரிகளைப் பதிப்பது, தோள் பட்டைகளை வளைப்பது, கையைக் கிழிக்காதபடி விளிம்பை மடிப்பது ஆகிய யாவும் பட்டறை வேலைதான்.

இந்தக் கருவிக்கு ஆபத்து ஓசை குறைவதால் வரப்போவதில்லை. குறைந்துகொண்டிருப்பது அதற்குப் பெயர் வைத்த மொழி. 1921இல் லூசியானாவின் புதிய அரசியல் சட்டம் பள்ளிகளில் ஆங்கிலத்தை மட்டுமே பயிற்றுமொழி ஆக்கியது. பள்ளி வளாகத்தில் பிரெஞ்சு பேசிய பிள்ளைகள் தண்டிக்கப்பட்டார்கள். இனிப் பேச மாட்டேன் என்று திரும்பத் திரும்ப எழுத வேண்டியிருந்தது. தாய்மொழியில் பேசியதற்காக ஆங்கிலப் பள்ளியில் அபராதம் கட்டிய இந்தியருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அடிபட்ட பிள்ளைகள் வளர்ந்து பெற்றோரானபோது, தங்கள் குழந்தைகளாவது பிழைக்கட்டும் என்று ஆங்கிலத்தில் பேசினார்கள். இரண்டு தலைமுறையில் வேலை முடிந்தது. 1968இல் மாநில அரசு பிரெஞ்சை வளர்க்கத் தனி அமைப்பை ஏற்படுத்தியது. பிரெஞ்சிலேயே பாடம் நடத்தும் வகுப்புகள் இப்போது சில பள்ளிகளில் உண்டு. ஆனால் பாட்டியிடமிருந்து பேத்திக்கு இயல்பாக வரும் மொழி வேறு, பாடத்திட்டத்தில் வரும் மொழி வேறு.

இன்றைய ஸைடிகோ குழுக்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் பாடுகின்றன. ராப் இசையின் சாயலும் சேர்ந்திருக்கிறது. கிரியோல் குடும்பங்கள் குதிரைகளில் ஊர்வலமாகப் போய்க் கூடும் 'டிரெயில் ரைடு' விழாக்களில் இளைஞர் கூட்டம் குறையவில்லை. அங்கே மேடையில் நிற்கும் இருபது வயதுக்காரருக்குப் பிரெஞ்சில் ஒரு முழு வாக்கியம் பேச வராமல் இருக்கலாம். ஆனால் மேடை ஏறுமுன் அவர் மாட்டிக்கொள்வதன் பெயர் ஃப்ராத்வார். ஆடும் இசையின் பெயர் ஸைடிகோ. கொறிப்பது பூடான்.

ஒரு மொழி போகும்போது முதலில் போவது அதன் வாதங்கள், அதன் கிண்டல்கள், அதன் வசவுகள். கடைசி வரை நிற்பவை கையால் தொடும் பொருள்களின் பெயர்கள். அந்தப் பொருள்களை யாராவது செய்துகொண்டும் பயன்படுத்திக்கொண்டும் இருந்தால்தான் அந்தப் பெயர்களும் நிற்கும். சன்செட்டில் உருவாகும் ஒவ்வொரு தகட்டோடும் அந்த ஒரு பிரெஞ்சுச் சொல்லும் புதிதாக வெளியே போகிறது. ஒரு மொழியைக் காப்பாற்ற ஒரு சொல் போதாது. ஆனால் பள்ளிக்கூடத்தில் தடுக்கப்பட்ட சொல்லை மார்பில் அணிந்து, இரும்பால் தட்டி, ஊரே கேட்க முழக்குவதற்கு இங்கே யாரும் அபராதம் விதிப்பதில்லை.