எந்தக் கப்பலில் போவது?

எங்கள் வீட்டில் இதுவரை நடந்த பெரிய சண்டைகள் மூன்று. முதலாவது, குளிர்சாதனப் பெட்டியை எந்த மூலையில் வைப்பது என்பது. இரண்டாவது, மகளுக்கு என்ன பெயர் வைப்பது என்பது. மூன்றாவது, 2024-ஆம் வருஷத்து அரைப்பரீட்சை லீவுக்கு எந்தக் கப்பலில் போவது என்பது. முதல் இரண்டும் ஒரே வாரத்தில் தீர்ந்து விட்டன. மூன்றாவது ஒன்றரை மாதம் ஓடியது!

"கப்பலா? அந்தமானுக்கா?" என்று கேட்டார் பக்கத்து வீட்டு மாமி. அதில்லை, மாமி. இது உல்லாசக் கப்பல். மிதக்கும் ஹோட்டல் என்று வைத்துக் கொள்ளுங்களேன். ராத்திரி தூங்குகிறோம், காலையில் எழுந்தால் ஜன்னலுக்கு வெளியே வேறு ஊர். மூட்டை கட்டி அவிழ்க்கிற வேலை ஒரே தடவைதான். சமையல் இல்லை, பாத்திரம் இல்லை. இந்தக் கடைசி விஷயம் ஒன்றே போதும், நான் எந்தக் கப்பலிலும் ஏறத் தயாராக இருந்தேன்!

ஆனால், "எந்தக் கப்பல்?" என்றதும் வீடு மூன்று கட்சியாகப் பிரிந்தது.

என் கணவருடைய கட்சி, கார்டீலியா கம்பெனியின் 'எம்ப்ரஸ்'. குளிர் காலத்தில் மும்பையிலிருந்து கிளம்பிக் கோவா, லட்சத்தீவு, கொச்சி என்று போகிற கப்பல். 1990-இல் பிரான்சில் கட்டியது. பல பெயர் மாற்றி, பல கடல் சுற்றி, நம் பக்கம் வந்து சேர்ந்தது. "பாஸ்போர்ட் வேண்டாம், விசா வேண்டாம். சாப்பாடும் நம் சாப்பாடு. இதைவிட என்ன வேண்டும்?" என்றார் அவர்.

"2022 ஜூன் மாதம் சென்னையிலிருந்தே கிளம்பியதே, இப்போதும் இங்கேயே ஏறினால் என்ன?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் புத்தி வந்தது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வங்கக் கடலின் குணம் நமக்குத் தெரியாதா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவிலேயே படகு ஓடியது! அதே மாதங்களில் மேற்கே அரபிக் கடல் பெரும்பாலும் சாதுவாக இருக்கும். அதனால்தான் குளிர் காலத்தில் அந்தக் கப்பல் மும்பைக்குப் போய் விடுகிறது.

மகளுடைய கட்சி, சிங்கப்பூரிலிருந்து புறப்படும் 'கெண்டிங் டிரீம்'. 2016-இல் ஜெர்மனியில் கட்டியது. எம்ப்ரஸைப் போல மூன்று பங்கு பெரியது. மேல்தளத்தில் தண்ணீர்ச் சறுக்கு மரங்கள். அவளுக்கு வயது பன்னிரண்டு.

ஏழு வயது மகனுடைய கட்சி, ராயல் கரீபியன் கம்பெனியின் 'ஆந்தம் ஆஃப் தி சீஸ்'. அந்தக் குளிர் காலத்தில் அதுவும் சிங்கப்பூரில்தான் இருந்தது. 2015-இல் அதே ஜெர்மன் கட்டுமானத் தளத்தில் பிறந்த அக்கா. அதன் உச்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டு. ஆட்களை ஏற்றிக்கொண்டு கடல் மட்டத்துக்கு மேல் முந்நூறு அடி உயரத்துக்குத் தூக்கும். பையன் அந்தப் படத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினான்.

என் மாமியாருக்குக் கட்சியே கிடையாது. "நான் எதுக்கும்மா? வீட்டைப் பாத்துக்கறேன். நீங்க நாலு பேரும் போயிட்டு வாங்க" என்றார். "அதெல்லாம் முடியாது அத்தை, நீங்களும்தான்" என்றேன். அத்தோடு அவருடைய சம்மதம் கிடைத்து விட்டதாக நானே முடிவு செய்துகொண்டேன்.

பிறகு கணக்குப் போட உட்கார்ந்தோம். சகோதரிகளே, இங்கேதான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்! விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பது ஒரு தலைக்கு உண்டான கட்டணம். அதுவும், அறைக்கு இரண்டு பேர் என்ற கணக்கில், ஜன்னல் இல்லாத உள் அறைக்கு. ஜன்னல் வேண்டுமென்றால் ஒரு விலை, பால்கனி வேண்டுமென்றால் அதற்கு மேல் ஒரு விலை. அதே அறையில் மூன்றாவது, நான்காவது ஆளுக்குக் கட்டணம் குறையும். நாங்களோ ஐந்து பேர். ஏஜெண்டு ஒருவர் நாலு பேரை ஓர் அறையிலும் அத்தையைத் தனியாக ஓர் அறையிலும் போட்டுக் கணக்கு அனுப்பினார். தனி ஆள் ஓர் அறையை எடுத்தால் ஏறக்குறைய இரண்டு பேர் பணம் கட்ட வேண்டும்! அதை மூன்றும் இரண்டுமாக மாற்றிப் போட்டதும் தொகை மளமளவென்று இறங்கியது.

அப்புறம் துறைமுக வரி. சிப்பந்திகளுக்கான சேவைக் கட்டணம் வேறு. வெளிநாட்டுக் கப்பல்களில் நாளொன்றுக்குத் தலைக்கு இவ்வளவு என்று சேர்த்து விடுகிறார்கள். குழந்தைக்கும் தலை இருக்கிறதல்லவா? இன்டர்நெட்டும் படம் பிடித்துக் கொடுப்பதும் தனிக் கணக்கு. 2024-இல் வெளிநாட்டுச் சுற்றுலாவுக்கு ஏழு லட்சம் ரூபாய் வரை 5 சதவிகிதம் வரியாக முன்கூட்டியே பிடித்தார்கள். வருமான வரிக் கணக்கில் அதை ஈடு செய்துகொள்ளலாம் என்றாலும், கையை விட்டுப் போவது முதலில்தானே? எல்லாம் கூட்டியபோது, விளம்பரத்தில் பார்த்த விலை ஒன்றரை மடங்காகி நின்றது.

"நான் அப்போதே சொல்லவில்லையா?" என்ற முகத்தோடு உட்கார்ந்திருந்தார் என் கணவர். மும்பைக் கப்பல் ஜெயித்து விடும் போலிருந்தது. மறுநாள் முன்பணம் கட்டுவதாக ஏற்பாடு.

அன்று மாலை ஏஜெண்டு டெலிபோனில் விவரம் சொல்லிக்கொண்டிருந்தார். லட்சத்தீவில் கப்பல் கரைக்குப் போகாது. கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்கும். சின்னப் படகில் இறங்கித் தீவுக்குப் போக வேண்டும். "பெரியவங்களைக் கைத்தாங்கலா இறக்கி விட்டுடுவாங்க மேடம், பயமே வேண்டாம்" என்றார்.

பக்கத்தில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அத்தையின் கை நின்றது. "படகிலயா? அப்படின்னா நான் வரலைம்மா" என்றார். அவர் அவ்வளவு தீர்மானமாகப் பேசி நான் கேட்டதில்லை.

முழங்கால் வலியை நினைத்துச் சொல்கிறார் என்று எண்ணினேன். ராத்திரி பால் கொண்டுபோய்க் கொடுத்தபோது, "கால் வலின்னா நீங்க கப்பலிலேயே இருக்கலாமே அத்தை" என்றேன்.

"கால் இல்லைம்மா" என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

அத்தை பிறந்தது பினாங்கில். அது எனக்குத் தெரியும். 1978-இல், பத்தொன்பது வயதில், அப்பா அம்மாவோடு 'சிதம்பரம்' கப்பலில் ஏறி ஊருக்கு வந்தார் என்பதும் தெரியும். அந்தக் கப்பல் சிங்கப்பூர், பினாங்கு, நாகப்பட்டினம், சென்னை என்று போய் வந்துகொண்டிருந்தது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்துப் பல உயிர்கள் போயின. அத்தோடு அதன் ஓட்டமும் நின்றது. இவ்வளவும் நான் அறிந்த கதைதான். தெரியாதது ஒன்று இருந்தது.

நாகப்பட்டினத்தில் பெரிய கப்பல் கரைக்கு வர முடியாது. தூரத்தில் நிற்கும், படகில் இறங்க வேண்டும். அன்று அலை அதிகம். ஆட்களை இறக்கி, சாமான்களை இறக்கும்போது ஒரு தகரப் பெட்டி கை நழுவிக் கடலில் விழுந்து விட்டது. துணிமணி போனால் போகட்டும். பினாங்கு வீட்டு வாசலில் அவருடைய அப்பா நிற்கிற போட்டோவும் அதில்தான் இருந்தது.

"இங்க வந்து ரெண்டாம் வருஷம் அப்பா போயிட்டாங்க. அவங்க முகம் ஞாபகம் இருக்கு. அந்த வாசல்தான் மறந்து போச்சு" என்றார் அத்தை.

"இத்தனை நாள் சொல்லவே இல்லையே, அத்தை?"

"யாரும் கேக்கலையேம்மா."

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒன்றரை மாதமாக வீட்டில் எத்தனை கேள்வி! எந்தக் கப்பல் பெரியது, எதில் சறுக்கு மரம், எதில் இட்லி கிடைக்கும், எது மலிவு? எல்லாம் கப்பலைப் பற்றிய கேள்விகள். அத்தைக்கு எந்த ஊரைப் பார்க்க ஆசை என்று ஒருவரும் கேட்கவில்லை. பத்திரிகைக்காக முன்பின் தெரியாதவர்களை எல்லாம் கேள்வி கேட்கிறவள் நான்!

காலையில் பழைய கணக்கைக் கிழித்துப் போட்டேன். சிங்கப்பூர்க் கப்பல்கள் இரண்டுமே பினாங்குக்குப் போகிறவைதான். அங்கே படகு வேண்டாம். ஜார்ஜ் டவுன் நகரத்தை ஒட்டியே கப்பல் துறை. போகிற வழி மலாக்கா ஜலசந்தி. ஒரு பக்கம் சுமத்ரா, மறு பக்கம் மலேயா என்று இரண்டு கரைகள் அணைத்து நிற்பதால் டிசம்பரிலும் அலை குறைவு. பெரிய அக்கா நாலைந்து இரவுப் பிரயாணம். கெண்டிங் டிரீமில் மூன்றே இரவு. எங்கள் பைக்கு மூன்று இரவுதான் தாங்கும். என் கணவர் கணக்கை இரண்டு தடவை பார்த்தார். பிறகு ஒன்றும் பேசாமல் அம்மாவுக்குப் பாஸ்போர்ட் மனு எழுதக் கிளம்பினார். மகன் மட்டும் கண்ணாடிக் கூண்டுக்காக ஒரு நாள் முழுவதும் அழுதான்.

விசா விஷயத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. கப்பல் ஏறிய பின் சிங்கப்பூருக்குத் திரும்பி வருவது இரண்டாவது நுழைவு. ஆகவே, பல முறை நுழைய அனுமதிக்கும் விசாதானா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மலேசியாவும் தாய்லாந்தும் அப்போது இந்தியர்களிடம் விசா கேட்கவில்லை. தலைசுற்றல் பயம் இருந்தால் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்து அறையாகக் கேட்டு வாங்குங்கள். அங்கே ஆட்டம் குறைவு, விலையும் குறைவு.

பினாங்கில் இறங்கினோம். 1833-இல் ஏற்பட்ட மகாமாரியம்மன் கோயிலில் கும்பிட்டு விட்டு, அத்தை முன்னால் நடந்தார். முழங்கால் வலி எங்கே போயிற்றோ! இரண்டு தெரு தப்பாகப் போய், மூன்றாவது தெருவில் நின்றார். வீடு இப்போது காப்பிக் கடை. மரக் கதவுக்குப் பதில் கண்ணாடி. ஆனால் வாசலின் இரண்டு தூண்களும் பூப்போட்ட தரை ஓடும் அப்படியே இருந்தன. அத்தை அழவில்லை. தரையைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, நீ போய் அந்தத் தூண் பக்கத்துல நில்லு. இன்னும் கொஞ்சம் இடது பக்கம். ஆங், அங்கதான்" என்று மகனை நிறுத்தினார். என்னிடம், "எடும்மா" என்றார்.

அந்தப் படம் இப்போது எங்கள் கூடத்துச் சுவரில் இருக்கிறது. அடுத்த நாள் புக்கெட்டில் இறங்கப் படகு என்றார்கள். அத்தை கப்பலிலேயே இருந்து விட்டார்; பேத்தியும் துணைக்கு இருந்தாள். நாங்கள் திரும்பி வந்தபோது சறுக்கு மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவள் சறுக்கிய தடவைகளை எண்ணிக்கொண்டிருந்தார். பதினேழாம்!

"எந்தக் கப்பல் நல்ல கப்பல்?" என்று சிநேகிதிகள் இப்போது என்னிடம் யோசனை கேட்கிறார்கள். அறைக் கணக்கு, வரிக் கணக்கு எல்லாம் விவரமாகச் சொல்கிறேன். கடைசியில் நானும் ஒரு கேள்வி கேட்கிறேன்: "உங்கள் வீட்டில், 'நான் வீட்டைப் பாத்துக்கறேன், நீங்க போயிட்டு வாங்க' என்று சொன்னது யார்? அவரிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா?"