பழைய ஃபைபர் படகு வாங்கப்போகும் தம்பிகளுக்கு

2004 சுனாமிக்குப் பிறகு கட்டுமரம் குறைந்து ஃபைபர் படகு பெருகிய கரை எங்களுடையது. இப்போது பழைய படகு தேடும் தம்பிகள் நிறையப் பேர். அவர்களிடம் சொல்வதை இங்கேயும் எழுதுகிறேன்.

புதுப் பெயின்ட்டைப் பார்த்து விலை பேசாதீர்கள். படகைக் கரையேற்றி, சின்னச் சுத்தியலால் அடிப்பகுதி முழுக்கத் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் நல்லது. மொத்தென்று கேட்கும் இடத்தில் ஃபைபர் அடுக்கு பிரிந்திருக்கலாம், தண்ணீர் இறங்கியிருக்கலாம்.

இன்ஜின் மாட்டும் பின்பலகைதான் முக்கியம். பல படகுகளில் ஃபைபருக்குள் மரப்பலகை இருக்கும். போல்ட் ஓட்டை வழியே தண்ணீர் புகுந்தால் வெளியே தெரியாமல் உளுத்துவிடும். இன்ஜினைப் பிடித்து ஆட்டும்போது பலகையும் சேர்ந்து ஆடினால் அந்தப் படகு வேண்டாம்.

இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். முன்பே சூடாக்கி வைத்த இன்ஜின் குறையைக் காட்டாது. குளிர்விக்கும் தண்ணீர் சீராக வெளியேறுகிறதா என்றும் பாருங்கள்.

மீன்வளத் துறைப் பதிவில் பெயர் மாறும்வரை முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். பதிவு இன்னொருவர் பெயரில் இருந்தால், புயலில் படகு சேதமானாலும் நிவாரணம் கேட்டு நிற்க உங்களுக்கு வழியிருக்காது.

கையிலுள்ள காசு முழுவதையும் விலைக்கே கொட்டிவிடாதீர்கள். ஒட்டு வேலை, புரொப்பல்லர், ஸ்பார்க் பிளக் என்று செலவு வந்துகொண்டே இருக்கும். கடலுக்குப் போய்வந்த ஒவ்வொரு முறையும் இன்ஜினுக்குள் நல்ல தண்ணீர் ஓடவிடுங்கள். உப்பு தங்கினால் அரித்துவிடும்.

கேள்வி கேட்கக் கூச்சப்படாதீர்கள் தம்பிகளே. அந்தப் படகை நம்பிக் கடலில் இறங்கப்போவது நீங்கள்தான். அனுபவப்பட்ட அண்ணன்மார் விட்டுப்போனதைக் கீழே எழுதுங்கள்.